ஓவன் பழுக்க வைக்காது

நன்றியறிதல் நாள் நெருங்கிவிட்டால் அமெரிக்கச் சமையல் பத்திரிகை எதைப் புரட்டினாலும் அந்தப் படம் கண்ணில் படும். அகலத் தட்டில் பிறை பிறையாக நறுக்கிய பூசணி, ஓரமெல்லாம் பழுப்பேறி, மேலே மாதுளை முத்தும் சேஜ் இலையும். செய்முறையில் ஓர் உத்தரவாதமும் இருக்கும்: ஏகார்ன், பட்டர்நட், கபோச்சா, டெலிகாட்டா என்ற பூசணி வகைகளில் எது கையில் கிடைத்தாலும் சரி, 220 டிகிரி ஓவன் அதை இனிக்க வைத்துவிடும். வான்கோழிக்குத் துணையாக வரும் இந்தப் பதார்த்தத்துக்குப் பருவத்தின் சுவை என்று வேறு பட்டம். அந்த உத்தரவாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சுடுவது நல்ல முறை என்பதில் தகராறு இல்லை. பூசணியை நீரில் வேகவைத்தால் இருக்கிற கொஞ்சம் ருசியும் நீரோடு போய்விடும். உலர்ந்த சூடு சதையின் ஈரத்தைக் குறைத்து, வெட்டுப்பக்கத்தைச் சிவக்க வைக்கிறது. டெலிகாட்டாவுக்குத் தோல் சீவும் வேலைகூட இல்லை. விருந்து நாளில் அடுப்பு முழுக்கப் பாத்திரங்கள் ஏறியிருக்கும்போது, ஒரு தட்டை ஓவனில் தள்ளிவிட்டு மற்றதைக் கவனிக்கலாம். இவ்வளவும் உண்மை.

ஆனால் ஓவன் செய்வதெல்லாம் உள்ளே இருப்பதைத் திரட்டித் தருவதுதான். இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? பூசணியின் இனிப்பு வயலில் தொடங்குகிறது. இலைகள் அனுப்பும் உணவு சதையில் மாவுச்சத்தாகச் சேர்கிறது. காய் முற்றும்போதும் பறித்து வைத்த பிறகும் அந்த மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாகிறது. இதில் ஏகார்ன் நம்மை ஏமாற்றும் காய். காய் பிடித்து ஏறக்குறைய மூன்றே வாரத்தில் அது முழு அளவுக்கு வளர்ந்து, கரும்பச்சை நிறமும் ஏறி, முற்றிய காயைப் போல நின்றுவிடும். உண்மையில் முற்ற ஏழு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுக் காலம் பூசணி இனங்களை உருவாக்கிய பிரென்ட் லாய் இதை விவசாயிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். இளசாகப் பறித்தால் சதையில் மாவுச்சத்து போதாது. அதோடு, உள்ளே இருக்கும் விதைகள் பறித்த பிறகும் பருத்துக்கொண்டே இருக்கும். அதற்கான சத்தைச் சதையிலிருந்துதான் இழுத்துக்கொள்ளும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். நியூ இங்கிலாந்தில் பனி விலகி, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ விதை ஊன்றுகிறார்கள். ஜூலையில் பூத்துக் காய் பிடிக்கிறது. அங்கிருந்து ஏழு வாரம் எண்ணினால் செப்டம்பர் நடுப்பகுதி வந்துவிடும். கடைக்காரருக்கோ செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததுமே வாசலில் இலையுதிர்காலம் வந்தாக வேண்டும். பச்சை ஏறிய காய் பார்வைக்கு முற்றிய காய்தானே, பறித்து அடுக்கிவிடுகிறார்கள். அதை வாங்கிப்போய் இரண்டாகப் பிளந்து சுட்டால் நார் நாராக, சப்பென்று, நீர் கோத்த சதை கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் மேப்பிள் பாகு உள்ளே வருகிறது. பாதியாக வெட்டிய ஏகார்னின் குழியில் ஒரு கட்டி வெண்ணெய், கைப்பிடி பழுப்புச் சர்க்கரை, மேலே பாகு: அமெரிக்க வீடுகளில் தலைமுறைகளாக இதுதான் வழக்கம். மரபு என்கிறார்கள். மேப்பிள் அந்த மண்ணின் பூர்வகுடிகள் காய்ச்சிய பொருள், பூசணியும் அவர்கள் சோளத்தோடும் அவரையோடும் சேர்த்து வளர்த்த பயிர். இரண்டும் ஒரே தட்டில் சேர்வதில் குற்றமில்லை. ஆனால் ஒரு காய்க்கு அதன் சர்க்கரையைவிட அதிகமான சர்க்கரையை வெளியிலிருந்து ஊற்றச் சொல்லும் செய்முறை, காயைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்கிறது. அதை ஒப்புக்கொண்ட கையோடு மறைத்தும் விடுகிறது. சாப்பிடுகிறவர் பாகின் இனிப்பை ருசித்துவிட்டுப் பூசணியைப் பாராட்டுகிறார். முற்றாத காயை விற்றவருக்கு ஒரு புகாரும் போய்ச் சேர்வதில்லை. அடுத்த ஆண்டும் அதே தேதியில் அதே காய் வாசலுக்கு வந்துவிடுகிறது. இந்தத் தவறு இத்தனை காலம் நீடிப்பதில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் இருக்கும் பங்கைவிடச் செய்முறை எழுதுகிறவர்களின் பங்கு பெரிது என்றே சொல்வேன்.

'எது கிடைத்தாலும் சரி' என்பது இன்னும் மோசம். கபோச்சா பறித்த கையோடு மாவாக, வறட்டு வறட்டென்று இருக்கும். சில வாரம் வைத்திருந்தால்தான் இனிப்பு எழும். பட்டர்நட்டையும் ஓரிரு மாதம் காத்திருந்து எடுப்பது நல்லது. ஏகார்ன் நேர்மாறு: முற்றியதைப் பறித்துச் சீக்கிரம் தின்றுவிட வேண்டும், அதிக நாள் வைத்தால் தோல் மஞ்சளாகிச் சதை நாராகும். நன்றியறிதல் நாளான நவம்பர் நான்காம் வியாழனன்று ஒன்று உச்சத்தில் இருக்கும், இன்னொன்று இறங்கத் தொடங்கியிருக்கும். பருவத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டாடும் பதார்த்தம் இந்தக் கணக்கையே பார்ப்பதில்லை. வைத்திருக்கவும் இடம் வேண்டும்: 10 முதல் 13 டிகிரி வரை, காற்றோட்டமான உலர்ந்த மூலை. அதைவிட்டுக் குளிர்ப்பெட்டியில் திணிக்கிறோம். குளிர் தாங்காமல் காய் கெடுகிறது. சதுரமாக நறுக்கிப் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கும் பட்டர்நட்டுக்கு வயதே தெரியாது. தோலும் காம்பும் போன பிறகு எதைப் பார்த்து முற்றலைக் கண்டுபிடிப்பது?

ஹனிநட்டின் புகழையும் ஓவன் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். 2009 வாக்கில் நியூயார்க் சமையற்கலைஞர் டான் பார்பர் கேட்டதற்கிணங்க, கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மசூரெக் மெருகேற்றித் தந்த சின்னப் பட்டர்நட் அது. அதில் நான் மெச்சும் குணம், பச்சையாகக் காய்த்து, முற்றும்போது தேன் நிறத்துக்கு மாறுவது. முற்றலைத் தோலே காட்டிக்கொடுத்துவிடுவதால் இளங்காயை முற்றியது என்று விற்க முடியாது. அந்த ருசியின் பெரும்பங்கு கொடியிலேயே தயாராகி வருகிறது.

நம் ஊர்ப் பரங்கியும் பட்டர்நட்டும் ஒரே இனம். தஞ்சைப் பக்கச் சமையலில் இளம் பரங்கிக்குப் பால்கூட்டு, முற்றிய பரங்கிக்குப் புளியும் காரமும் என்று தனித்தனி வழி உண்டு. முற்றாத காய் அங்கே குற்றமில்லை. அது வேறொரு கறிக்கு உரிய காய், அவ்வளவுதான். அமெரிக்கச் செய்முறை இரண்டையும் ஒரே தட்டில் பரப்பி ஒரே சூட்டில் சுடச் சொல்கிறது.

சந்தையில் பார்த்து வாங்குவது கடினமும் அல்ல. ஏகார்ன் தரையில் படிந்திருந்த பக்கம் ஆழ்ந்த ஆரஞ்சாக இருந்தால் முற்றியது. வெளிர்மஞ்சள் என்றால் வைத்துவிட்டு வரலாம். பட்டர்நட்டின் காம்படியில் பச்சைக் கோடு தெரிந்தால் அது இன்னும் ஆகவில்லை. இந்த இரண்டு வரிக்குப் பத்திரிகையில் இடமில்லை. மேப்பிள் பாகு எத்தனை கரண்டி என்பதற்கு இடமிருக்கிறது. காயின் வயதைக் கேட்காமல் ஓவனின் சூட்டை மட்டும் சொல்லும் குறிப்பு ஒரு சர்க்கரைப் பண்டத்தின் செய்முறை. அதில் பூசணிக்குப் பதில் எதைப் போட்டாலும் அதே ருசிதான் வரும்.