பதில் சொல்லாத தாளம்

பம்பாய்த் திரையிசையில் பேஸ் கிற்றார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகு, 1987இல் சிக்காகோவிலிருந்து வெளிவந்த ‘அசிட் ட்ராக்ஸ்’ என்ற ஹவுஸ் நடன இசைத்தட்டின் ஒலியை இவர் முன்பே தொட்டுவிட்டார் என்று உலகம் வியந்தது. யார் முந்தினார் என்ற இந்தப் பேச்சு, இசையைக் கவனிக்க விடுவதில்லை. கவனித்தால் முதலில் பிடிபடுவது ரோலண்ட் டிபி-303இன் குழைவு. பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்காகச் செய்யப்பட்ட பெட்டி அது. தன் வேலையையே பறிக்க வந்த கருவியை ஒரு பேஸ் கலைஞர் கையிலெடுத்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அதன் இயல்பு இராகத்துக்கு எவ்வளவு இசைவானது என்று கண்டுகொண்டார். அது பெரிய செவி. கீழே அசையாத தாளம் ஓடுவதால் மேலே கை விரும்பியபடி அலைகிறது. பைரவியில் அந்தச் சுதந்திரம் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் கற்பனை வாசிப்புக்கு எதிரே ஒரு செவி வேண்டும். ஜாஸில் கிற்றார்க்காரர் ஒரு சுரத்தைத் தாமதித்தால் ட்ரம்ஸ்காரர் அதற்கு ஏதாவது சொல்வார். சிங்கின் தாளப்பெட்டியான டிஆர்-808 எதுவும் சொல்வதில்லை. தம்புராவும் மாறாமல்தானே ஒலிக்கிறது என்று கேட்கலாம். தம்புரா காப்பது சுருதியை. காலம் பாடகருக்கும் தபேலாவுக்கும் இடையிலான விவகாரம், அது விளம்பத்தில் தொடங்கித் துரிதத்துக்கு ஏறும். லலித்தும் மேக மல்ஹாரும் ஒரே நடையில் ஓடும்போது இராகங்களின் சுபாவ வேறுபாடு தேய்ந்துபோகிறது.

ஆடுகிறவர்களுக்கு மாறாத அடி தேவை என்பது வலுவான மறுப்புத்தான். இலங்கையின் புத்தளத்தில் சிராம்பியடியின் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்ஞா என்ற ஆடல்பாடல் அதற்கு விடை தருகிறது. சிரட்டையும் போத்தலும் ரபானும் மெதுவாகத் தொடங்கும். பாட்டு ஏற ஏற, ஆடுகிறவர்களின் உடம்போடு அடியும் விரைந்து, உச்ச வேகத்தில் முடியும். அங்கே ஆட்டமும் தாளத்தை நடத்துகிறது. ஹவுஸ் இசையோடு நேரடி வாசிப்பைக் கலக்க முனையும் பேஸ் கலைஞர்கள் சிங்கின் துணிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய மாறாத நடையை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 808இன் முகப்பிலேயே வேகத்தைத் திருகும் குமிழ் இருக்கிறது. வாசிப்பவரைக் கேட்டு அதைத் திருக இன்னொரு கை இருந்தால் போதும்.