நல்லவாடு ஒலிபெருக்கியும் நம்ம ஊர் டேஷ்போர்டும்

அறிவு மையம், பொதுக் கணினி மையம், இ-சேவை மையம்... பெயர் எதுவாக இருந்தாலும், அதனால் ஊருக்கு என்ன நன்மை என்று எழுதப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: எத்தனை பேர் வந்தாங்க? மென்பொருள் வேலையில் இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. லாக் ஃபைலில் எது விழுகிறதோ அதை எண்ணுவோம். எண்ண முடிந்ததையே முக்கியமானது என்றும் சொல்லிவிடுவோம். இந்த அளவுகோல் எங்கே உதைக்கிறது என்று காட்ட, எங்க மாமியார் ஊரான கூனிமேட்டுக்குத் தெற்கே, புதுச்சேரிப் பக்கம் நடந்த ஒரு திட்டமே போதும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு கொடுத்த நிதியில், புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். அங்கிருந்து மற்ற ஊர்களுக்குக் கம்பியில்லா இணைப்பு. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசித்தாங்க. இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேணாமா என்பதை, வலை சரிசெய்துகொண்டிருக்கிறவர் இடத்தை விட்டு எழுந்திருக்காமலே கேட்டுக்கொள்ளலாம். கணினியைத் தொட்டவர் ஒருத்தர், பலன் குப்பம் முழுக்க. வருகைப் பதிவேட்டில் இந்தக் குப்பத்துக்கு என்ன எண் போடுவீங்க?

2004 டிசம்பர் 26 காலையில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. கடல் பொங்கி வருது, ஓடுங்கன்னு. அன்று ஞாயிற்றுக்கிழமை. பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னாங்க. சுமார் 3,600 பேர் இருந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, ஊர்க்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இதை அந்த மையத்தின் கணக்கில் தேடினால் அன்றைய பயனர்கள் பூஜ்யம். கணினி வேலை செய்யவில்லை, இணையமும் தேவைப்படவில்லை. வேலை செய்தவை ஒரு போன், ஒரு மைக்செட், அப்புறம் அந்தக் குழாயில் வருவதை நம்பலாம் என்று ஊருக்கு வந்திருந்த பழக்கம். இந்தக் கடைசி விஷயத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. நல்லவாடு கதையைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு தாக்கம் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுது மதிப்பீடு ஆகாது. மீதி நாட்களில் அந்த மையம் என்ன செய்தது, மையம் இல்லாத பக்கத்துக் குப்பத்தில் என்ன நடந்தது, இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. அது பொது மையம் பற்றியதல்ல, செல்போன் பற்றியது. ஆனாலும் அளந்த விதம் முக்கியம். வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் கோபுரங்கள் பகுதி பகுதியாக வந்தன. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் போன் பில்லை எண்ணவில்லை. கரையில் மத்தி என்ன விலைக்குப் போச்சு, எவ்வளவு விற்காமல் வீணாச்சு என்று பார்த்தார். கோபுரம் வந்த பகுதியில் விலை ஏற்றத்தாழ்வு குறைந்தது. அன்றாடம் பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணானது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. போனே இல்லாத படகுக்கும் ஓரளவு ஆதாயம் இருந்தது. பயனர்களை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கடைசி விஷயம் வெளியே வந்திருக்காது.

இனி கூனிமேட்டுக்கு வருவோம். இன்றைக்குக் கடல் நிலவரம் செல்போனிலேயே வந்துவிடுது, அதுக்கு மையம் வேண்டாம். மையத்துக்குப் போவது சான்றிதழ், ஆதார், உதவித்தொகை விண்ணப்பத்துக்கு. போன வருஷம் ஒரு மையத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா. அவங்க எண்ணாகப் பதிவாகியிருப்பது சென்னையில் இருக்கிற மகனுடைய போன். ஓடிபி அங்கே போகுது, அவன் வேலையில் இருக்கிறான், எடுக்கலை. "நாளைக்கு வாங்கம்மா" என்றார் மையத்துத் தம்பி. "நாளைக்கும் கூலி போயிடுமே தம்பி" என்றார் அந்த அம்மா.

மறுநாள் வந்தால் வருகை இரண்டு. விண்ணப்பம் ஏதோ ஆவணக் குறையால் நிராகரிக்கப்பட்டு மறுபடி போட்டால், விண்ணப்பமும் இரண்டு. டேஷ்போர்டில் பயன்பாடு வளர்ந்துகொண்டே போகும். எங்க ஆபீஸிலும், ஒரே ஆள் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் அழுத்தினால் டிராஃபிக் கூடியிருக்கு என்று கேக் வெட்டுவார்கள்!

நான் எண்ணச் சொல்வது வேறு. ஒரு சான்றிதழ் கைக்கு வரும்வரை எத்தனை நாள் கூலி போச்சு? மரக்காணம் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை? நடுவில் யாருக்காவது பணம் கொடுக்க வேண்டி வந்ததா? மையத்துக்கே வராதவங்க ஏன் வரலை? இவற்றை மையத்து வாசலில் நின்று கேட்டால் வந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். வீட்டுக்குப் போகணும்.

எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் பகல் பத்து மணிக்குத் தெருவில் இறங்கினால் உப்பளத்துக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். வயசானவர்கள்தான் கிடைப்பார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் பாத்திகள் முழுகி வேலை நிற்கும். கூலி இல்லாத அந்த மாதங்களில்தான் உதவித்தொகைப் பேச்சும் அதிகம் அடிபடும். போவதென்றால் அப்போதுதான் போகணும், குடையோடு.