மழைக்கு முன்னே விதைத்தோம்

பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பிளஸ் டூ வகுப்பறைத் தரையில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான்கு பிள்ளைகள், அவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் நான். சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்த என் போனில் இரண்டு பேராசிரியர்கள் மேசை முன் அமர்ந்து, ஒரு கட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்து இன்னொரு கட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மாணவரின் மதிப்பெண்கள். அத்தனை சீட்டையும் ஒரே ஒரு முறை புரட்டி, அதிக மதிப்பெண் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். எதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எதை மறந்துவிடலாம்?

நான்கு பேரில் அதிகம் பேசாத பிள்ளை சட்டென்று சொன்னாள்: "டீச்சர், எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல இப்படித்தான் செய்யும். அடுக்கிக்கிட்டே எண்ணும். கோணப் பெட்டி வந்தா தனியாத் தூக்கி வச்சிரும். கடைசியில எத்தனைன்னு கேட்டா உடனே சொல்லும். திரும்ப எண்ணவே எண்ணாது!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது ஐஐடி மெட்ராஸ் நடத்தும் பட்டப்படிப்பின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. கணினியே இல்லாமல், வெறும் சீட்டுகளை வைத்து, கணினி எப்படி யோசிக்கிறது என்று சொல்லித்தருகிறார்கள். எங்கள் கரிசல்காட்டுப் பிள்ளை அந்தப் பாடத்தைத் தன் தாயின் கைகளில் பார்த்துவிட்டாள். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்த மாலையைப் போல ஒரு மாலை எனக்கு வாய்த்ததில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். 2020 ஜூன் மாதம் ஐஐடி மெட்ராஸ் ஒரு புதிய படிப்பைத் தொடங்கியது. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டம். பாடம் வீடியோவில் வரும். தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஜேஇஇ எழுதத் தேவையில்லை. வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை. காமர்ஸ் எடுத்த பிள்ளையும் வரலாம், வொகேஷனல் எடுத்த பிள்ளையும் வரலாம்.

இதில் எனக்குத் தேனாக இனித்த செய்தி இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வை எழுதிவிட்டாலே போதும், பிளஸ் டூ முடிக்கும் முன்பே இதன் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிச் சீருடையில் இருக்கும்போதே கல்லூரிப் பாடத்தைப் படித்து, அதில் தேர்வெழுதி, தேறிவிடலாம். பிளஸ் டூ தேறும் வரை அந்த இடம் காத்திருக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் புழுதி விதைப்புதான் நினைவுக்கு வந்தது. மானாவாரிக் காட்டில் மழை வந்தபிறகு விதைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் கரிசல் மண் சேறாகிக் காலை இழுக்கும். உழவும் ஓடாது, ஈரமும் வீணாகும். அதனால்தான் ஐப்பசி அடைமழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுகிறோம். 1901-இல் தொடங்கிய எங்கள் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் அந்த முன்பருவ விதைப்பைத்தான் வலியுறுத்தி வந்திருக்கிறது. விதையை ஒருமுறை நனைத்து, மறுபடி உலர்த்தி, கடினப்படுத்தி விதைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட விதை புழுதிக்குள் பொறுமையாகக் கிடக்கும். முதல் நல்ல மழையில் மற்ற விதைகளை முந்திக்கொண்டு முளைக்கும். பிளஸ் டூவிலேயே கல்லூரிப் பாடத்தில் நனைந்து வரும் பிள்ளையும் அந்த விதைதான்.

தகுதிச் சுற்று நான்கு வாரம். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என்று நான்கு பாடங்கள். இவை நுழைவுத் தேர்வுக்கென்று தனியாகச் சமைத்தவை அல்ல. பட்டப்படிப்பின் முதல் பருவத்தில் வரும் நான்கு பாடங்களின் முதல் நான்கு வாரங்களையே அப்படியே எடுத்துத் தருகிறார்கள். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் உண்டு. அதில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கினால்தான் தேர்வறைக்குள் போக முடியும். பிறகு நான்கு பாடத்துக்கும் சேர்த்து நான்கு மணி நேரத் தேர்வு. பொதுப் பிரிவுக்குச் சராசரி 50 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 45, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 40. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முந்த வேண்டியதே இல்லை. எல்லாருமே அந்தக் கோட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் இடம்! லட்சம் பேரில் ஆயிரம் பேரை மட்டும் பொறுக்கும் தேர்வுகளையே பார்த்துப் பயந்துபோன எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

வயது வரம்பு இல்லை என்றதும் நானும் பதிவு செய்துவிட்டேன். பிள்ளைகளை மட்டும் இறக்கிவிட்டுக் கரையில் நிற்க எனக்கு மனமில்லை. "டீச்சர், நீங்களும் எங்ககூடப் பரீட்சை எழுதுவீங்களா?" என்று அவர்கள் கேட்டபோது அந்த முகங்களில் வந்த மலர்ச்சியை எப்படிச் சொல்வேன்! அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் ஒரே வகுப்புத் தோழர்கள்.

அந்த நான்கு வாரமும் எங்களுக்குத் திருவிழா. சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் சேர்ந்து நடத்தும் கணினிச் சிந்தனை பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மதிப்பெண் சீட்டு, கடை பில், ஒரு பத்தியின் சொற்கள் என்று மூன்று கட்டுகள். இவற்றை வைத்தே வடிகட்டுவது, கூட்டுவது, ஒப்பிடுவது எல்லாம் வந்துவிடுகின்றன. நிரல் மொழி எதையும் தொடாமலே பிள்ளைகள் நிரல் எழுதும் மூளையோடு எழுந்திருக்கிறார்கள். நாங்கள் எங்கள் ஊர்க் கடை பில்களையே சேகரித்துக்கொண்டு வந்து விளையாடினோம். கடலைமிட்டாய்க் கடை பில், உரக்கடை பில், துணிக்கடை பில் எல்லாம் கட்டாகச் சேர்ந்தன.

உஷா மோகன் நடத்தும் புள்ளியியல் பாடம் எங்களைப் பருத்திக் காட்டுக்கே கூட்டிப்போனது. எது எண்ணாக வரும் தரவு, எது வகையாக வரும் தரவு என்று அவர் பிரித்துக் காட்டியதும், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கணக்கைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மழையின் அளவு எண். விதைத்தது உளுந்தா, பாசியா, மக்காச்சோளமா என்பது வகை. சராசரி சில சமயம் ஏமாற்றும், நடுமதிப்பைப் பார் என்ற பாடம் வந்த அன்று ஒரு பையன் சொன்னான்: "ஒரே நாள்ல கொட்டித் தீர்த்துட்டு அப்புறம் ஒரு மாசம் எட்டிப் பார்க்காத மழைக்குச் சராசரி போட்டு என்ன பிரயோசனம் டீச்சர்?" பாடப் புத்தகத்தில் இந்த வாக்கியத்தை நான் எங்கும் படித்ததில்லை. கரிசலில் பிறந்தவனுக்குத்தான் அது தோன்றும்.

ஆங்கிலத்துக்குத்தான் எல்லாரும் பயந்தோம். அந்தப் பாடமோ ஒலியிலிருந்து தொடங்கியது. உயிரொலி, மெய்யொலி, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏறியது. முதல் வாரம் ஒரு வீடியோவை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், நான்காம் வாரம் நிறுத்தாமலே பார்த்தார்கள். கல்லூரி ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு காதில் ஏறிவிட்டது என்ற தைரியம் ஒன்றே போதும், இத்தனை பாடும் தகும் என்பேன்.

தீப்பெட்டி ஆபீஸ் போகும் அந்த அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். "ஐஐடின்னா மெட்ராஸ்ல இருக்கே டீச்சர். பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்?" என்று கேட்டார்.

"நீங்க அனுப்பவே வேண்டாம்மா. ஐஐடிதான் உங்க வீட்டுக்கு வருது" என்றேன். நம்பாமல் பார்த்தவரிடம் மகள் போனை நீட்டிச் சீட்டுக்கட்டுப் பாடத்தைக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவா பாடம்? இது எனக்கே தெரியுமே!" என்றார். சத்தியமாகத் தெரியும் அம்மா. உங்களுக்கு அந்த வயதில் இதைப் பாடம் என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

தேர்வுக்கு மதுரை போனோம். விடியற்காலை பஸ், கட்டுச்சாதம், ஐந்து பேருக்கும் ஒரே படபடப்பு. முடிவு வந்தபோது நானும் மூன்று பிள்ளைகளும் தேறியிருந்தோம். மற்றொருவன் கணிதத்தில் சிறிது பின்தங்கிவிட்டான். அவன் மறுபடி விண்ணப்பித்து அடுத்த முறை தேறினான். அப்படி மீண்டும் எழுத வழி வைத்திருப்பதற்கே அந்தப் படிப்பை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

தேறியவர்கள் பிளஸ் டூ முடித்ததும் அடிப்படை நிலையில் சேரலாம். அதில் எட்டுப் பாடங்கள், 32 கிரெடிட். பிறகு டிப்ளமோ, 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142 கிரெடிட்டில் நான்காண்டு பி.எஸ். பட்டம். நடுவில் எந்தப் படியில் நிறுத்தினாலும் அந்தப் படிக்கு உரிய சான்றிதழ் கையில் இருக்கும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டதால், உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி அப்படித்தான் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன், கல்லூரியில் முதல் நாள் எப்படி இருந்தது என்று. "பழகின இடம் மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றாள். இந்த ஒரு பதிலுக்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பட்டப்படிப்பே வேண்டாம், கொஞ்சம் ருசி பார்த்தால் போதும் என்கிற பிள்ளைகளுக்கும் அதே ஐஐடி ஒரு கதவு வைத்திருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கென்றே எட்டு வாரச் சான்றிதழ்ப் பாடங்கள் இருக்கின்றன. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் ஒன்று, மின்னணுவியல் ஒன்று என்று தொடங்கியவை. பள்ளி பதிவு செய்துகொண்டால் அதன் பிள்ளைகள் சேரலாம்.

பதினாறு வயதில் கல்லூரியா என்று தயங்குகிறவர்களுக்கு என் அப்பாவைக் காட்டுவேன். 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்து, பியூசி படிக்கப் பிள்ளைகள் கல்லூரிக்குத்தான் போனார்கள். அப்பாவும் போனார். பேராசிரியர் தன்னை 'மிஸ்டர்' போட்டு அழைத்த நாளை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார். அந்த ஒரு சொல்லில் தான் பெரியவனாகிவிட்டதாக உணர்ந்தாராம். அந்த மரியாதையைப் பதினாறு வயதில் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் அதற்கு ஏற்ப நிமிர்ந்து உட்காருவார்கள். நான் கண்ணால் கண்டேன்.

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு. வாஷிங்டன் மாநிலத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அருகில் உள்ள சமுதாயக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறார்கள். அந்த ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறுகிறது, கல்லூரிக் கணக்கிலும் ஏறுகிறது. நம் தகுதிச் சுற்றுக்கு அப்படித் தனிக் கிரெடிட் இல்லை. ஆனால் பாதை போடப்பட்டுவிட்டது. 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளியையும் கல்லூரியையும் ஒரே ஏணியின் படிகளாகப் பார்க்கிறது. வருடத்துக்கு 1200 மணி நேரப் படிப்பு, 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. சட்டகம் தயார், அதில் நாம்தான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் என்ன குறை? 1966-இல் தொடங்கிய கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி இருக்கிறது. நல்லாட்டின்புதூர்ப் பக்கம் 1984-இல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் கரிசல் கிராமங்களின் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. சனிக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு பாடத்துக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு நம் கல்லூரிகள் ஆய்வகக் கதவைத் திறக்கட்டும். அந்தப் பாடத்தைப் பின்னால் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் வழி செய்யட்டும். மதுரைக்கும் சென்னைக்கும் போகத் தயங்கும் வீடுகள் நல்லாட்டின்புதூருக்கு அனுப்பத் தயங்காது.

ஆசிரியர்களே, நீங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து பதிவு செய்யுங்கள். நான்கு வாரம்தான். பெற்றோரே, உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய பிள்ளை இருந்தால், பிளஸ் டூ முடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். புழுதி காய்ந்து கிடக்கும்போதே விதைத்துவிடுங்கள்.