கன்னியாவும் கிரேக்க நீர்மகளிரும்: ஓர் ஒப்பியல் நோக்கு

ஊற்று, ஓடை, கிணறு ஆகிய நன்னீர் நிலைகளில் உறையும் மகளிரைக் கிரேக்கர் ‘நையட்’ என்றனர். பாய்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது அப்பெயர். அவர்களை நம் கன்னிமாரோடும் சூரரமகளிரோடும் இணைத்து, மனித மனம் எங்கும் ஒன்றே என அமையும் ஒப்பியலாளர் உளர். ஒற்றுமை காணப்படுமிடத்து ஆய்வு தொடங்கவேண்டுமேயன்றி முடிதல் கூடாது.

இயற்கை ஆற்றல்களைக் கற்பனையில் வசப்படுத்துவது தொன்மம். அவை மெய்யாகவே வசப்படுங்கால் அது மறைந்துவிடும் என்பது 1857ஆம் ஆண்டு அறிமுகக் குறிப்பில் மார்க்ஸ் கூறிய கருத்து. இந்நெறியில் கிரேக்கச் சமூகத்தை ஆராய்ந்தவர் ஜோர்ஜ் தொம்சன். அவரிடம் பேர்மிங்ஹாமில் பயின்ற கைலாசபதி, தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது நூலை 1968இல் வெளியிட்டார். அந்நெறியைத் திருகோணமலைத் துறைமுக நகருக்கு அணித்தாயுள்ள கன்னியாவில் பொருத்திப் பார்ப்போம்.

அங்குள்ள வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றின் வெம்மையும் வேறு. கோணேசர் மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனிடம் திருமால் முதியவராய் வந்து, தாய் இறந்தமை கூறி, நீர்க்கடன் கழிக்கப் பணித்தார் என்பது கதை. நிலத்தைக் குத்தியவன் இராவணன் என ஒரு வடிவமும், திருமால் என மற்றொன்றும் கூறும். எவ்வாறாயினும் நீரை வெளிப்படுத்துவது ஆடவன் கை. பெண் இறந்த தாயாக மட்டுமே எஞ்சுகின்றாள். ஏழு என்ற எண்ணும் கன்னியா என்ற பெயரும் எழுவராகிய கன்னிமாரை நினைவூட்டுவன. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுதல் ஆய்வு நெறியன்று.

கிரேக்க நீர்மகளிரின் நிலை வேறு. அசோப்பசு ஆற்றின் மகள் ஐகினா ஈன்ற ஐயாக்கசு, அக்கிலீசின் பாட்டன். ஆற்றுமகளைத் தாயாகக் கொண்ட குலம் அந்நிலத்திற்கும் உரிமை கோரவியலும். நம் கன்னிமாரோ எக்குலத்தையும் ஈன்றிலர். குளக்கட்டில் நட்ட ஏழு கற்களாக உழவரின் வழிபாட்டில் நின்றனர். முன்னது நிலவுடைமையாளரின் வமிசாவளி. பின்னது நீரை நம்பி வாழ்ந்தோரின் அச்சமும் வேண்டுதலும். வடிவம் ஒத்திருப்பினும் சமூகப் பணி ஒவ்வாது.

மழைநீர் பாறைப் பிளவுகளின் ஆழத்திற் சென்று சூடேறி மேலெழுகின்றது என்பதை இன்று அறிவோம். ஆயினும் கன்னியாக் கதை மறையவில்லை. ஏன்? வெந்நீரின் காரணம் விளங்கியது. தாயின் இறப்பு வசப்படவில்லை. அரசனுக்காக எழுந்த கதையைப் பொதுமக்கள் தமதாக்கி, தம் தாயர்க்கு அங்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவந்துள்ளனர். நீரின் உரிமையும் தீர்ந்தபாடில்லை: 2019 யூலையில் இவ்விடத்துக் கட்டுமானம் பற்றிய பிணக்கு திருகோணமலை மேல் நீதிமன்றத்தை அடைந்தது. ஆகவே மார்க்சின் கூற்றை நாம் விரித்துக் கொள்ளல் வேண்டும். இயற்கை விளங்கினால் மட்டும் தொன்மம் உதிராது. மனித உறவுகளின் முரண்பாடும் தீர்தல் வேண்டும். அதுவரை ஊற்று யாருடையது என்ற வினாவைத் தொன்மத்தின் மொழியிலேயே மக்கள் கேட்டுக்கொண்டிருப்பர்.