நெட்பிபிஎம்: எளிமையும் மௌனமும்

ஒரு படக் கோப்பை நோட்பேடில் கையால் தட்டி எழுத முடியுமா? முடியும். கீழே இருப்பது முழுமையான ஒரு படம். முதல் வரியில் உள்ள 'பி' மட்டும் நிஜக் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கும், அவ்வளவுதான்.

பி1
5 7
0 0 1 0 0
0 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 0 0 0 0
1 1 1 1 1

அகலம் 5, உயரம் 7. 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் 'ட்' தெரியும். மேலே தனியாக நிற்கிற அந்த ஒற்றை 1 தான் புள்ளி. அது போனால் 'ட'. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வடிவத்தை 1980களில் உருவாக்கியவர் ஜெஃப் போஸ்கான்சர். அன்றைய மின்னஞ்சலில் வெறும் எழுத்துகள்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும். படத்தையே எழுத்தாக மாற்றிவிட்டால் வழியில் சிதையாது என்பதுதான் யோசனை. அதைச் சுற்றி அவர் எழுதிய கட்டளைவரிக் கருவிகள் 1988 கடைசியில் பிபிஎம்பிளஸ் என்று வெளிவந்தன. பிறகு பலர் கை வைத்து அது நெட்பிபிஎம் ஆனது. 1999 முதல் பிரையன் ஹெண்டர்சன் பராமரிக்கிறார்.

வடிவங்கள் மூன்று: கறுப்பு-வெள்ளைக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று. (முதலாவதையும் மூன்றாவதையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிபிஎம்' என்றுதான் வரும்! அதனால் குறுக்கப்பெயரை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்லியே எழுதுகிறேன்.) பத்து வகைப் படக் கோப்புகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக மாற்ற 90 நிரல்கள் வேண்டும். நடுவில் இந்த எளிய வடிவத்தை வைத்தால் உள்ளே வர பத்து, வெளியே போக பத்து, மொத்தம் 20 போதும். ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலை செய்யும், அவற்றை பைப் போட்டுக் கோத்துக்கொள்ளலாம். கல்லூரியில் யுனிக்ஸ் தத்துவம் என்று மனப்பாடம் பண்ணியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, குறைக்கு வருவோம். சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கறுப்பு-வெள்ளையில் 1 என்றால் கறுப்பு. சாம்பலிலோ 0 தான் கறுப்பு, பெரிய எண் வெள்ளை. அதாவது, ஒன்று தாளில் எவ்வளவு மை என்று எண்ணுகிறது, இன்னொன்று திரையில் எவ்வளவு ஒளி என்று எண்ணுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் இருப்பதுதான் தலைவலி. சொந்தமாக இதைப் படிக்கும் நிரல் எழுதிய யாரும் ஒரு தடவையாவது நெகட்டிவ் படத்தைப் பார்த்திருப்பார்கள். 2000இல் சேர்ந்த 'பாம்' வடிவத்தில் கறுப்பு-வெள்ளைக்கும் 0 தான் கறுப்பு என்று திருப்பிவிட்டார்கள். குழப்பம் தீர்ந்ததா? மூன்றாவது உறுப்பினர் வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் பரவாயில்லை, தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பதுதான் என் வழக்கு.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய சிற்றிதழின் கட்டு, 240 பக்கம், இரவலாகக் கிடைத்தது. ஏ4 அளவு, 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தேன். ஒரு பக்கம் 2480 × 3508 பிக்சல், கிட்டத்தட்ட 87 லட்சம் பைட். கறுப்பு-வெள்ளையில் ஒரு பைட்டுக்குள் எட்டு பிக்சல் அடங்கும், பக்கத்துக்கு 11 லட்சம் பைட்டுக்கும் குறைவு. மடிக்கணினியில் இடம் இல்லை. சாம்பலைக் கறுப்பு-வெள்ளையாக்கும் நிரலை எந்த விருப்பத்தேர்வும் கொடுக்காமல் ஒரு லூப்பில் ஓட விட்டேன். ஒரு பிழைச் செய்தி வரவில்லை. இரண்டு மூன்று பக்கத்தைச் சுருக்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. சாம்பல் கோப்புகளை அழித்தேன்.

அந்த நிரல், எதுவும் சொல்லாவிட்டால் ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறையைக் கையாளும். ஒரு பிக்சலைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கும்போது வரும் பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பங்கிட்டுத் தரும் முறை. போட்டோவுக்கு அருமை. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் போலவே தெரியும். ஆனால் பழுப்பேறிய தாளில் அச்செழுத்து இருந்தால்? தாளின் பழுப்பு பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தூவப்படும். மங்கிய மையில் இருந்த மெய்யெழுத்துப் புள்ளியும் அதே மாதிரி சிதறிவிடும். எது தாளின் அழுக்கு, எது 'ட்'டின் புள்ளி என்று பிரிக்க வழியில்லை. துகள் நீக்கும் வடிகட்டியைப் போட்டேன். அழுக்கோடு புள்ளியும் போனது. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமலே படித்தவர்கள்தானே நம் முன்னோர் என்று நண்பர் ஒருவர் கிண்டலடித்தார்.

தப்பு என்னுடையது, கையேட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த இயல்புத் தேர்வுக்கும் காரணம் உண்டு. 1988இல் பல திரைகளும் லேசர் பிரிண்டர்களும் ஒற்றை பிட்டில்தான் இயங்கின, போட்டோவை அதில் காட்டுவதுதான் வேலை. ஆனாலும் இதே தொகுப்பில் ஜிஃப்புக்கு மாற்றும் நிரலைப் பாருங்கள். 256 நிறத்துக்கு மேல் இருந்தால் வேலை செய்ய மறுத்துவிடும். முதலில் நிறங்களைக் குறைத்துக்கொண்டு வா என்று அதற்கான நிரலின் பெயரையும் சொல்லி அனுப்பும். எப்படிக் குறைப்பது என்ற முடிவு நம் கைக்கு வந்துவிடுகிறது. அங்கே இருக்கிற அந்தக் கண்டிப்பு, 256 சாம்பலை இரண்டாக வெட்டும்போது ஏன் இல்லை?

டிபிஐயும் அப்படித்தான். டிஃப் கோப்பில் 300 என்று எழுதியிருந்தது இந்த வடிவத்துக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும், ஏனென்றால் அதை எழுதிவைக்க இடமே கிடையாது. வெளியே வரும்போது நாம்தான் ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எழுத்துக் கோப்பை வடிகட்டும் நிரல்கள் மௌனமாக இருப்பது சரி. எதையாவது தூக்கிப்போடும் நிரல் ஒரு வரியாவது முனக வேண்டாமா? பிழைச் செய்திக்குத் தனிக் குழாய் இருக்கிறது, பைப்பில் ஓடும் படம் கெடப்போவதில்லை.

இப்போதும் நெட்பிபிஎம்தான் பயன்படுத்துகிறேன். பக்கத்தின் பகுதிக்குப் பகுதி வெட்டுமானத்தை மாற்றிக்கொள்ளும் 'பாம்த்ரெஷோல்ட்' அதிலேயே இருக்கிறது, பழுப்புத் தாளுக்கு நன்றாக வருகிறது. சாம்பல் கோப்புகளை அழிப்பதில்லை. ஆனால் அந்தக் கட்டு, உரியவர் வீடு மாறியபோது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. 'கடடு' என்று வந்தால் கட்டு என்று யாரும் படித்துவிடுவார்கள். சந்தாதாரர் பட்டியலில் வரும் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அப்படி ஊகிக்க முடியவில்லை. என் குறிப்புகளில் அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது.