ரோமாபுரித் துப்பறிவாளர்களும் அவர்களின் காதலும்

கி.மு. 80இல், தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ரோம நீதிமன்றத்தில் நின்றார் செக்ஸ்டஸ் ரோஸ்கியஸ். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை, ஆளைச் சாக்கில் போட்டுத் தைத்து நீரில் எறிவது. 60 லட்சம் செஸ்டர்ஸ் பெறுமானமுள்ள குடும்பச் சொத்தைச் சர்வாதிகாரி சுல்லாவின் கையாள் வெறும் 2,000க்கு ஏலம் எடுத்திருந்தான் என்று அவருக்காக வாதாடிய இளைஞர் சிசரோ வெளிப்படுத்தினார். அந்த உரை இன்றும் கிடைக்கிறது. 1991இல் ஸ்டீவன் செய்லர் அந்த வழக்கை எடுத்து, சிசரோவுக்காகத் தெருத்தெருவாய் அலைந்து உண்மை தேட கோர்டியானஸ் என்ற ஆளைப் படைத்தார். ‘ரோமன் பிளட்’ என்ற அந்த நாவல் ஒரு நெடுந்தொடரின் முதல் நூலாயிற்று.

ரோமில் இப்படி ஒருவனை உலவவிட நல்ல காரணம் இருக்கிறது. அங்கே அரசு வழக்கறிஞர் கிடையாது; யாராவது ஒரு குடிமகன் முன்வந்து குற்றஞ்சாட்டினால்தான் வழக்கு. கி.பி. 6இல் அகஸ்டஸ் அமைத்த விகிலெஸ் படையும் முதன்மையாகத் தீயணைக்கவும் இரவுக்காவலுக்கும்தான். ஆகவே உண்மையைத் தேடுகிறவன் பிரபுவின் முற்றத்திலும் சலவைக்கூடத்திலும் அடிமைகளின் அறையிலும் தானே நுழைந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அவனுடைய அந்தஸ்து குறுக்கே நிற்கும். அவன் யாரைக் காதலிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதையும் அதே அந்தஸ்துதான் தீர்மானிக்கிறது. இந்த வகை நாவல்களில் காதல் வெறும் ஒட்டுவேலை அல்ல என்று நான் கருதுவது இதனால்தான்.

இதை நன்றாக உணர்ந்து எழுதியவர் லிண்ட்ஸி டேவிஸ். 1989இல் வந்த ‘த சில்வர் பிக்ஸ்’ கி.பி. 70இல் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து வெஸ்பாசியன் அரியணை ஏறிய சமயம். அவெண்டைன் குன்றில், சலவைக்கூடத்துக்கு மேலே ஆறாவது மாடியில் குடியிருக்கிறான் மார்கஸ் டிடியஸ் ஃபால்கோ. காசுக்கு ரகசியம் சேகரித்துத் தருவது அவன் தொழில், மதிப்புள்ள தொழிலல்ல. பிரிட்டனின் சுரங்கங்களிலிருந்து திருடப்படும் வெள்ளிக்கட்டிகளைத் தேடிப் போகிறான். உளவறிய அடிமை வேடமிட்டுச் சுரங்கத்தில் இறங்கிக் குற்றுயிராய் மீளும் அத்தியாயங்கள் இந்த வகை எழுத்தின் உச்சங்களுள் ஒன்று. அந்தப் பயணத்தில்தான் ஹெலனா ஜஸ்டினாவைச் சந்திக்கிறான். செனட்டரின் மகள், மணவிலக்குப் பெற்றவள், அவனைவிடக் கூர்மையாக யோசிப்பவள். முதலில் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை.

சுதந்திரனாய்ப் பிறந்த ஏழையைச் செனட்டரின் மகள் மணக்கச் சட்டத் தடை கிடையாது. தடுத்தது ஃபால்கோவின் மானம். குதிரைவீரர் வகுப்பில் சேர 4,00,000 செஸ்டர்ஸ் சொத்து வேண்டும். அதைச் சேர்த்த பிறகே அவளுக்குத் தகுந்தவனாவேன் என்று அவன் பிடிவாதமாய் நிற்கிறான். புத்தகம் புத்தகமாய் நீளும் வழக்குகளை இந்தக் கணக்கு தள்ளிக்கொண்டே போகிறது. கூலி வராத ஒவ்வொரு முறையும் காதலும் ஒரு படி பின்வாங்குகிறது.

டேவிஸுக்கு இந்தக் கரு முன்பே கையில் இருந்தது. ஃபால்கோவுக்கு முன் அவர் எழுதியது வெஸ்பாசியனும் ஆண்டோனியா கேனிஸும் பற்றிய நாவல். அது 1997இல்தான் வெளிவந்தது. கேனிஸ் விடுதலை பெற்ற அடிமை. செனட்டர் வகுப்பினர் அத்தகைய பெண்ணை மணக்கக்கூடாதென அகஸ்டஸின் சட்டம் விலக்கியிருந்ததால், பேரரசரான பின்பும் வெஸ்பாசியன் அவரை மனைவியைப்போல் வைத்துக்கொள்ள முடிந்ததே தவிர மணக்க முடியவில்லை. உலகாண்டவருக்கே இந்த நிலை.

ரூத் டவுனியின் ‘மெடிகஸ்’ (2006) இன்னும் கடினமான இடத்தில் கைவைக்கிறது. பிரிட்டனின் டேவா முகாமில் படை மருத்துவன் ரூஸோ, கடனில் மூழ்கியவன். கை முறிந்த டில்லா என்ற அடிமைப் பெண்ணை இரக்கப்பட்டு வாங்குகிறான். இன்னொரு பக்கம் மதுக்கடைப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள்; அடிமைகள் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. டில்லாவுக்கும் ரூஸோவுக்கும் இடையே வளர்வதைக் காதல் என்று எப்போது சொல்லலாம்? ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லையே. டவுனி டில்லாவின் மனத்துக்குள்ளும் புகுந்து எழுதுவதால் இந்தக் கேள்வி மறைந்துவிடுவதில்லை. கோர்டியானஸின் வீட்டிலும் பெதஸ்டா என்ற அடிமைப் பெண் இருக்கிறாள். பின்னால் அவளை விடுவித்து மணக்கிறான். ஆனால் செய்லரின் முதல் நாவலில் அவள் இன்பமாகவும் சமையலாகவும் மட்டும் நிற்பது எனக்கு உறுத்துகிறது. அடிமையின் சாட்சி சித்திரவதையில் பெறப்பட்டால்தான் செல்லும் என்றிருந்த ஊர் அது. வழக்கில் அந்தக் கொடுமையைக் காட்டும் நாவல் படுக்கையறையில் அதை மறக்கக் கூடாது.

டேவிட் விஷார்ட்டின் துப்பறிவாளன் கார்வினஸ், கவிஞர் ஓவிட்டின் வளர்ப்பு மகள் பெரில்லாவோடு சேரும் கதை இலகுவான வாசிப்பு. ரோஸ்மேரி ரோவின் லிபர்டஸ்தான் மனத்தைப் பிழிபவன். க்ளெவம் நகரில் கல்பதித்துத் தரைச்சித்திரம் செய்யும் கைவினைஞன், முன்னாள் அடிமை. பிடித்து விற்கப்பட்டபோது பிரிந்த மனைவி க்வெல்லியாவை வழக்குகளுக்கு நடுவே தேடிக்கொண்டேயிருக்கிறான். கொலைகாரனைக் கண்டுபிடிக்க உதவும் அதே பொறுமையோடு, அடிமை வணிகரிடம் அவள் பெயரை விசாரிக்கிறான். எவர் கைமாறினார், எந்த ஊருக்குப் போனார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதான உலகில், அதுதான் அவன் எடுத்துக்கொண்ட வழக்குகளிலேயே கடினமான வழக்கு.