டேப்லோ பப்ளிக்: நீலம் எது, பச்சை எது?

தரவைப் படங்களாக்கும் கருவியான டேப்லோவில் டெஸ்க்டாப் ஸ்பெஷலிஸ்ட் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் டேப்லோ பப்ளிக்கே போதும். மழைக்காலம் முழுக்க என் அக்கா மகளோடு உட்கார்ந்து அதிலேயே படித்துப் பார்த்தபின் சொல்கிறேன். அவள் பெங்களூருவை அடுத்த ஜிகணியில் ஒரு தொழிற்சாலையில் எம்.ஐ.எஸ். வேலை பார்க்கிறாள். எக்செலின் வீலுக்கப், பிவட் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனேக்கல், சந்தாபுரா, பொம்மசந்திரா பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். எலெக்ட்ரானிக் சிட்டிக்குள் அனலிஸ்ட் என்ற பெயரோடு நுழைய அவர்கள் தேடுகிற சான்றிதழ்களில் இதுவும் ஒன்று.

சேல்ஸ்ஃபோர்ஸ் 2019-இல் டேப்லோவை வாங்கியது. தேர்வின் பெயரும் இப்போது டேப்லோ டெஸ்க்டாப் ஃபவுண்டேஷன்ஸ் என்று மாறிவிட்டது. பழைய பெயரில் 45 கேள்விகள், 60 நிமிடம், தேற 1000-க்கு 750. இதெல்லாம் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் பேச வந்தது நிறத்தைப் பற்றி.

டேப்லோவில் ஒரு நெடுவரிசையை இழுத்து ரோஸ், காலம்ஸ் பட்டைகளில் விட்டால், அது நீலமாகவோ பச்சையாகவோ வந்து உட்காரும். அப்படி உட்காருவதைப் பில் (pill) என்பார்கள். இங்கே கைமாறுகிற ஜெராக்ஸ் கையேடு ஒன்றில், நீலம் என்றால் டைமென்ஷன், பச்சை என்றால் மெஷர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது தவறு. நீலம் டிஸ்க்ரீட், பச்சை கன்டினியூவஸ். நீலம் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து நிறுத்தும். பச்சை தொடர்ச்சியான ஓர் அச்சு வரையும். டைமென்ஷனா மெஷரா என்பது வேறு கேள்வி: அந்த நெடுவரிசையை வைத்து வகை பிரிப்பதா, அதையே கூட்டி, சராசரி எடுத்துக் கணக்கிடுவதா என்பது.

பயிற்சிக்காக எக்செலில் ஒரு சின்ன டெலிவரி பட்டியல் தயாரித்தோம். ஆனேக்கல் 562106, அத்திப்பள்ளி 562107. பின்கோடு நெடுவரிசைக்குத் தமிழில் தலைப்புக் கொடுத்து டேப்லோவில் ஏற்றினோம். எண்ணைப் பார்த்ததும் அது மெஷர் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் கூட்டி 11,24,213 என்று காட்டியது. “மாமா, பின்கோடை யாராவது கூட்டுவாங்களா?” என்றாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். பட்டையில் உட்கார்ந்திருக்கிற பில்லின் மெனுவைத் திறந்து டைமென்ஷன் என்று மாற்றினால், கூட்டல் நின்றுவிடும். ஆனால் பில் பச்சையாகவே இருக்கும். ஆக, பச்சையிலும் டைமென்ஷன் உண்டு. அடுத்து டிஸ்க்ரீட் என்று மாற்றினால்தான் நீலமாகி, ஒவ்வொரு பின்கோடும் தனித் தலைப்பாக நிற்கும். விற்பனைத் தொகையின் கூட்டலை டிஸ்க்ரீட் ஆக்கிப் பாருங்கள், நீல மெஷரும் கிடைக்கும். இந்த நான்கு சேர்க்கைகளையும் ஒருவர் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், கையேட்டின் அந்த வரி மனதில் நிற்காது.

குழப்பத்தில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. இடப்பக்கப் பட்டியலில் மேலே இருப்பவை பெரும்பாலும் நீலம், கீழே இருப்பவை பெரும்பாலும் பச்சை. முன்பு அந்த இரண்டு பகுதிகளுக்கும் டைமென்ஷன்ஸ், மெஷர்ஸ் என்று தலைப்பாவது இருந்தது. 2020.2 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டு ஒரு மெல்லிய கோட்டை மட்டும் வைத்தார்கள். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு அந்தக் கோடு எதையும் சொல்லாது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

ஏனென்றால் அந்த நிறங்களுக்குப் பின்னால் இருக்கிற யோசனை அவ்வளவு அழகானது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் ஸ்டோல்டி, டயான் டாங், பாட் ஹன்ராஹன் மூவரும் உருவாக்கி 2002-இல் கட்டுரையாக வெளியிட்ட போலாரிஸ் என்ற ஆய்வுக் கருவியில் அது இருக்கிறது. வரிசைப்படுத்தத்தக்க தரவு படத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும். அளவுத் தரவு கட்டத்துக்குள் அச்சாகும். டேப்லோ நிறுவனம் 2003-இல் தொடங்கியது இந்த அடித்தளத்தின் மேல்தான். ஃபில்டரில் நீலத்தை விட்டால் டிக் போடும் பட்டியல், பச்சையை விட்டால் நகர்த்தும் பட்டை. கலரில் நீலத்தை விட்டால் வெவ்வேறு நிறங்கள், பச்சையை விட்டால் ஒரே சாயலின் ஏற்ற இறக்கம். பழைய பாடத்திட்டத்தில் கருத்துகள் என்ற பகுதிக்கு 15 சதவீதம்தான். ஆனால் 35 சதவீதம் கொண்ட பகுப்பாய்வுப் பகுதியில் பாதிக்கு மேல் இது புரியாமல் நகராது என்பது என் கணிப்பு.

தேதி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தேதி பில்லின் மெனுவில் மாதம் என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். முதலில் வருவது எல்லா ஆண்டுகளின் மே மாதங்களையும் ஒன்றாகச் சேர்க்கும். இரண்டாவது, 2023 மே, 2024 மே என்று காலவரிசையில் தனித்தனியாக வைக்கும். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்ன எடுத்துக்காட்டைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். பருவகால விற்பனை பார்க்க முதலாவது, வளர்ச்சி பார்க்க இரண்டாவது.

லினக்ஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு டெஸ்க்டாப் பதிப்பு கிடையாது. விண்டோஸ் அல்லது மேக் வேண்டும். பப்ளிக்கில் வெளியிடுவது உலகம் முழுக்கத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 முதல் கணினியிலேயே சேமிக்க முடிகிறது என்றாலும், கம்பெனி ஸ்டோர்ஸ் கணக்கையோ சம்பளப் பட்டியலையோ அதில் ஏற்றாதீர்கள். பயிற்சிக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆனேக்கல் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறது. அதை டேப்லோ எந்த நிறத்தில் வைக்கிறது என்று முதலில் பாருங்கள்.